மறுபடி பார்க்க எது? நான்கு பிரிட்டிஷ் காதல் நகைச்சுவைப் படங்கள், ஒரே ஒரு இரவு

"பழைய ஹ்யூ கிராண்ட் படம் ஒன்றைத் திரும்பப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். எதைப் போடுவது?" நண்பர்களும் வாசகர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் எல்லோரும் இந்தப் படங்களை ஒருமுறையாவது பார்த்தவர்கள். கதை தெரியும், யார் யாரோடு சேர்வார்கள் என்று தெரியும், கடைசிக் காட்சியில் பெய்வது மழையா பனியா என்பதுகூட நினைவிருக்கும். அத்தனையும் தெரிந்த பிறகும் இரண்டு மணி நேரம் நம்மை உட்கார வைக்கிற படம் எது என்பதில்தான் குழப்பம்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு: 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்' (1994), 'நாட்டிங் ஹில்' (1999), 'பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி' (2001), 'லவ் ஆக்சுவலி' (2003). நான்கிலும் ஹ்யூ கிராண்ட் நடித்திருக்கிறார். நான்கின் திரைக்கதையிலும் ரிச்சர்ட் கர்ட்டிஸின் கை இருக்கிறது. மூன்றை அவர் தனியாக எழுதினார். பிரிட்ஜெட்டை மட்டும் நாவலாசிரியர் ஹெலன் ஃபீல்டிங், ஆண்ட்ரூ டேவிஸ் இருவரோடும் சேர்ந்து எழுதினார். தயாரிப்பும் நான்குக்கும் வொர்க்கிங் டைட்டில் நிறுவனம்தான். ஒரே பட்டறையில் உருவானவை என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமாகவும் இருக்கும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் என்றால் 'ஃபோர் வெட்டிங்ஸ்'. ஆனால் அது எல்லா வீட்டுக்கும் எல்லா இரவுக்கும் ஏற்ற படமில்லை. மற்ற மூன்றும் ஜெயிக்கிற சந்தர்ப்பங்கள் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், காதலர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். முதல் தடவை பார்க்கும்போது 'சேர்வார்களா, மாட்டார்களா' என்ற தவிப்பு நம்மை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் தடவை அந்தத் தவிப்பு இருக்காது. கண் தானாகவே நாயகன் நாயகியை விட்டு நகர்ந்து, அவர்களுடைய நண்பர்கள், அண்ணன் தம்பி, தங்கை, அறைத்தோழன் பக்கம் போய்விடும். அங்கே பார்க்க ஏதாவது இருந்தால் படம் நிற்கும். இல்லாவிட்டால் அரைமணி நேரத்தில் கை செல்போனைத் தேடும். என் கணக்கில் மற்ற மூன்று அளவுகோல்களும் சேர்ந்தால்கூட இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

இரண்டாவது, இன்றைக்கு உறுத்துவது எது என்பது. இருபது முப்பது வருடத்துக்கு முன் திரையரங்கே சிரித்த வசனம் இன்று வாய்க்குள்ளேயே கசக்கலாம். இதுதான் மறுபடி பார்ப்பதில் ஒளிந்திருக்கும் செலவு. பிடித்த படத்தைப் பற்றிய நல்ல நினைவே கெட்டுப்போகலாம்.

மூன்றாவது, பக்கத்தில் உட்காரப்போவது யார். நான்குக்கும் பிரிட்டனில் 15 வயதுச் சான்றிதழ். ஆனால் அந்த 15 ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு காரணத்துக்காக வந்தது.

நான்காவது, நீளமும் நடுவில் நிறுத்தி எழுந்து போகிற வசதியும். சின்ன விஷயம்தான், ஆனால் வேலை முடிந்து களைத்து வருகிற இரவில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

| | ஃபோர் வெட்டிங்ஸ் | நாட்டிங் ஹில் | பிரிட்ஜெட் ஜோன்ஸ் | லவ் ஆக்சுவலி |
|---|---|---|---|---|
| இயக்கம் | மைக் நியூவெல் | ரோஜர் மிச்செல் | ஷாரன் மக்வயர் | ரிச்சர்ட் கர்ட்டிஸ் |
| நீளம் (சுமார்) | 117 நிமிடம் | 124 நிமிடம் | 97 நிமிடம் | 135 நிமிடம் |
| துணைப் பாத்திரங்கள் | படத்தின் உயிரே அவர்கள் | மிக நல்ல கூட்டம் | அப்பா மட்டும் மனதில் நிற்கிறார் | சிலர் அற்புதம், பலர் மேலோட்டம் |
| இன்று உறுத்துவது | நாயகியின் பாத்திரம், ஹென்ரியெட்டாவை நடத்தும் விதம் | படத்தில் இல்லாத உண்மையான நாட்டிங் ஹில் | உடல் எடைப் பேச்சு, அலுவலகச் சீண்டல் | முதலாளி–ஊழியர் காதல்கள், உடல் கேலி, அட்டைக் காட்சி |
| குடும்பத்தோடு | முதல் நிமிடமே கெட்ட வார்த்தை | நான்கில் ஓரளவு சமாளிக்கக்கூடியது | சங்கடம் | நிர்வாணக் காட்சிகள் உண்டு |
| நடுவில் நிறுத்தினால் | கெடும் | பரவாயில்லை | பரவாயில்லை | துண்டு துண்டாகவே பார்க்கலாம் |

## 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்'

முப்பது லட்சம் பவுண்டுக்கும் குறைவான செலவில், ஏறக்குறைய ஆறு வாரத்தில் எடுத்த படம். உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படத்துக்கும் திரைக்கதைக்கும் ஆஸ்கார் பரிந்துரை வந்தது. இதெல்லாம் வரலாறு. மறுபடி பார்ப்பவருக்கு வேண்டியது அதன் அமைப்பு. பெயரிலேயே இருக்கிறது: நான்கு கல்யாணம், ஒரு சாவு. இவற்றுக்கு வெளியே இந்த மனிதர்களை நாம் பார்ப்பது மிகக் குறைவு. அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பதைப் பற்றிப் படம் கவலைப்படவே இல்லை. விசேஷங்களில் மட்டும் சந்தித்துக்கொள்கிற ஒரு கூட்டத்தை அந்த விசேஷங்களில் மட்டும் காட்டுகிறார்கள். சொல்லாமல் விட்டவற்றை முதல் தடவை கவனிக்க நேரமிருக்காது. இரண்டாம் தடவை அவைதான் கண்ணில் படும்.

முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் சார்லஸ் (ஹ்யூ கிராண்ட்) மோதிரங்களை மறந்துவிட்டு வந்துவிடுகிறான். மேடையில் சடங்கு நடந்துகொண்டிருக்க, பின்வரிசையில் நண்பர்கள் கிசுகிசுத்து, கையில் கிடைத்ததைத் தேடிப் பிடித்து அனுப்புகிறார்கள். கடைசியில் மணமக்களின் விரலில் ஏறுவது வண்ண வண்ணமான ஒரு பிளாஸ்டிக் இதயமும் ஒரு மண்டையோடும். முதல் தடவை சார்லஸின் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருப்போம். இந்த முறை அந்த மோதிரத்துக்காக வரிசை வரிசையாய் அலைகிற மேத்யூவைப் பாருங்கள். யார் சொல்லாமலும் காரியத்தைக் கையில் எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். ஜான் ஹானா அந்தப் பாத்திரத்தை எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் நடித்திருக்கிறார்.

மேத்யூவும் கேரத்தும் தம்பதி. இதைப் படம் அறிவித்துச் சொல்வதில்லை. சைமன் காலோ நடித்த கேரத் பூப்போட்ட வெய்ஸ்ட்கோட்டும் உரத்த சிரிப்புமாக மண்டபத்தையே நிரப்புகிறவர். மேத்யூ எப்போதும் அவருக்குப் பக்கத்தில் அடங்கிய குரலில் இருப்பவர். ஸ்காட்லாந்துக் கல்யாணத்தில் ஆடிப் பாடிக்கொண்டிருந்த கேரத் மாரடைப்பில் சாய்கிறார். சாவு வீட்டில் பேச எழுந்திருப்பவர் மேத்யூ. பாதிரியார் அவரை அறிமுகப்படுத்துவதோ, கேரத்தின் மிக நெருங்கிய நண்பர் என்று. டபிள்யூ. ஹெச். ஆடனின் கவிதையை அவர் வாசிக்கிறார். தேவாலயம் எசெக்ஸில் உள்ள வெஸ்ட் தர்ரக். பின்னால் தொழிற்சாலை எழுந்து நிற்கிறது. கோட்டைகளிலும் மாளிகைகளிலும் நடந்த கல்யாணங்களுக்குப் பிறகு சாவுக்கு மட்டும் அந்தச் சாம்பல் நிற ஊருக்குக் கொண்டுபோகிறார் இயக்குநர். கேரத் எங்கிருந்து வந்தவர் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். அந்தக் கவிதை வாசிப்பின் தாக்கத்தால் ஆடனின் காதல் கவிதைகளைச் சிறு நூலாகப் பதிப்பித்தார்கள், அது கடைகளில் அள்ளிக்கொண்டு போயிற்று.

அதற்குப் பிறகு சார்லஸ் நண்பன் டாமிடம் ஒன்று சொல்கிறான்: இத்தனை வருடமாகத் தனியாள்கள் என்று பெருமையாகத் திரிந்தோம், நமக்குள்ளேயே இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டவர்களாகவே வாழ்ந்ததைக் கவனிக்கவே இல்லையே என்று. படம் முழுக்க எல்லோரும் தேடியலைந்தது முதல் காட்சியிலிருந்தே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தால் கேரத்தும் மேத்யூவும் பார்த்துக்கொள்கிற ஒவ்வொரு பார்வையும் வேறு கனத்தோடு வரும். 1994இல் அந்த இருவருக்கும் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. இங்கிலாந்தில் ஒருபால் திருமணம் நடைமுறைக்கு வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் தடவை பார்த்தபோது உங்களுக்கு என்ன வயதாக இருந்தாலும், இந்தக் காட்சி இப்போதுதான் முழுசாகப் புரியும்.

கிறிஸ்டின் ஸ்காட் தாமஸ் நடித்த ஃபியோனா இன்னொரு காரணம். இவ்வளவு நாள் யாரையாவது நேசித்தாயா என்று சார்லஸ் சாதாரணமாகக் கேட்க, உன்னைத்தான் என்று அவள் சொல்லிவிடுகிற காட்சி இரண்டு நிமிடம்கூட இருக்காது. சொல்லிவிட்டு அவளே பேச்சை மாற்றி, அவனுக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் கண்ணியத்துக்காக மட்டுமே பிரிட்டனின் பாஃப்டா விருதைக் கொடுத்திருந்தாலும் தகும்; உண்மையில் கொடுத்தார்கள். சார்லஸின் காது கேளாத தம்பி டேவிட்டாக நடித்த டேவிட் பவரும் நிஜத்தில் காது கேளாதவர்தான். ஒரு கல்யாணத்தில் டேவிட்டைப் பார்த்துப் பிடித்துப்போன பெண் சைகைமொழி கற்றுக்கொண்டு வந்து தடுமாறித் தடுமாறி அவனிடம் பேசுவது, படத்தில் யாரும் பெரிதுபடுத்தாத ஒரு காதல்.

சரி, செலவு? கேரி என்கிற நாயகி. ஆண்டி மக்டொவலைக் குறை சொல்ல மாட்டேன், எழுத்து அவருக்கு அதிகம் கொடுக்கவில்லை. ஸ்காட்லாந்து மாப்பிள்ளை ஹேமிஷை அவள் ஏன் மணக்கிறாள், ஏன் பிரிகிறாள் என்பதெல்லாம் காற்றில் நிற்கிறது. மழையில் நனைந்தபடி அவள் சொல்லும் கடைசி வசனம் முதல் தடவையே பலரை நெளிய வைத்தது. இப்போதும் நெளிய வைக்கும். சார்லஸின் முன்னாள் காதலி ஹென்ரியெட்டாவுக்கு ஒரு கேலிப் பெயர் வைத்து எல்லோரும் சிரிக்கிறார்கள், அப்புறம் அவளையே மணமேடையில் விட்டுவிடுகிறார்கள். அன்னா சான்சலரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்தச் சிரிப்பு நமக்கு வராது. அவள் கொடுக்கிற குத்து நியாயமான குத்து. இன்னொரு வலி படத்துக்கு வெளியே இருக்கிறது: துறுதுறு ஸ்கார்லெட்டாக வந்த ஷார்லட் கோல்மன் 2001இல், 33 வயதில், ஆஸ்துமா தாக்கி இறந்துபோனார். அவர் வரும் காட்சிகளில் அது நினைவுக்கு வராமல் இருக்காது.

நடுவில் நிறுத்தாதீர்கள். மூன்றாவது கல்யாணம் வரை ஒரே மூச்சில் போனால்தான் சாவு வந்து இடிப்பது உறைக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் விட்டு விட்டுப் பார்த்தால் வெறும் சம்பவத் தொகுப்பாகிவிடும்.

எப்போது இது: நாற்பதைத் தாண்டியவர்கள், நண்பர் ஒருவரையாவது இழந்தவர்கள், பழைய கல்லூரிக் கூட்டம் ஒன்றாக உட்காரும் இரவு. பெற்றோர் அறையில் இருந்தால் வேண்டாம். படம் தொடங்கியதும் சார்லஸும் ஸ்கார்லெட்டும் நேரமாகிவிட்டது என்று பதறி ஒரே கெட்ட வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

## 'நாட்டிங் ஹில்'

பயணப் புத்தகக்கடை வைத்திருக்கும் வில்லியமும் ஹாலிவுட் நட்சத்திரம் அன்னா ஸ்காட்டும். கதையாகச் சொன்னால் தேவதைக் கதைதான். ரோஜர் மிச்செல் அதைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறார். வில்லியமின் நண்பன் மேக்ஸ் வீட்டு விருந்துதான் இதற்குச் சான்று. பங்குச்சந்தையில் வேலை செய்யும் பெர்னிக்கு எதிரே இருப்பவர் யாரென்றே தெரியவில்லை. நடிகையா, பாவம், இதில் வருமானம் குறைவாயிற்றே என்று அனுதாபப்பட்டுவிட்டு, கடைசிப் படத்துக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்கிறான். 1.5 கோடி டாலர் என்கிறாள். ஹ்யூ பானவில்லின் முகம் மாறுவதற்கு முன் வருகிற அந்த அரை நொடியை இந்த முறை கவனியுங்கள்.

அதே மேசையில் மிச்சமிருக்கும் ஒற்றை பிரௌனி யாருக்கு என்று போட்டி. யார் வாழ்க்கை மிக மோசமோ அவருக்கு. ஒவ்வொருவரும் விளையாட்டாகத் தொடங்குகிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பெல்லாவின் முறை வரும்போது விளையாட்டு நின்றுபோகிறது. அவளுக்கும் கணவன் மேக்ஸுக்கும் குழந்தை பிறக்காது என்று அன்றுதான் நண்பர்களுக்குத் தெரிகிறது. விருந்து முடிந்த பிறகு மேக்ஸ் மனைவியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். ஜினா மக்கீயும் டிம் மகின்னர்னியும் இந்தக் காட்சியில் எதையும் கூட்டிக் காட்டவில்லை. படத்தின் தலைசிறந்த காதல் இந்தத் தம்பதியுடையது. ஜூலியா ராபர்ட்ஸ் பேசும் பிரபலமான 'வெறும் ஒரு பெண்' வசனத்தைக் காத்திருந்து கேட்பவர்களுக்கு நான் மாடிப்படியையும் சேர்த்துச் சிபாரிசு செய்வேன்.

போர்ட்டபெல்லோ சாலைச் சந்தை வழியாக வில்லியம் நடக்க நடக்கப் பருவங்கள் மாறிக்கொண்டே போகும் அந்த ஒரே காட்சியில் ஒரு வருடம் கழிகிறது. தொடக்கத்தில் கர்ப்பிணியாகக் கடந்து போன பெண் முடிவில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். ஓரத்தில் தங்கை ஹனிக்கு ஒரு காதல் தொடங்கி முடிந்தும்விடுகிறது. பில் விதர்ஸின் பாட்டில் மயங்கி முதல் தடவை இதில் பாதியைத் தவறவிட்டிருப்போம்.

இங்கே உறுத்துவது ஊர். லண்டனில் உள்ள நாட்டிங் ஹில் 1950களில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். 1958இல் வெள்ளையர் கும்பல்கள் அவர்களைத் தாக்கிய கலவரம் நடந்த இடம். அதற்குப் பதிலாகத் தலைநிமிர்ந்து எழுந்த கார்னிவல் 1960களிலிருந்து ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்தத் தெருக்களை நிறைக்கிறது. அந்த ஊரின் பெயரையே தலைப்பாக வைத்த படத்தில் கறுப்பினத்தவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தன் படங்களில் இந்தக் குறை இருப்பதைக் கர்ட்டிஸே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டு வருந்தியிருக்கிறார். குடியேறிகளின் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த புலம்பெயர் தமிழர்கள் பலருக்கு இது சின்ன விஷயமாகப் படாது. படாமலிருக்கவும் கூடாது.

எப்போது இது: களைத்துப்போன வார நடுவில், ஒருவர் பார்த்து ஒருவர் பார்க்காத தம்பதிக்கு, ஆங்கிலப் படம் அதிகம் பார்க்காத அக்காவோ மாமியோ கூட இருக்கும்போது. நான்கில் மிகத் தெளிவான கதை இதற்குத்தான். ரீஸ் இவான்ஸ் நடித்த அறைத்தோழன் ஸ்பைக் உள்ளாடையோடு நிருபர்களுக்கு முன் நிற்பதைத் தாங்கிக்கொண்டால் போதும்.

## 'பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி'

இந்தப் படத்தில் என் முதல் அளவுகோல் வேலை செய்யவில்லை. நண்பர்கள் மூவரும் கோட்டுச் சித்திரங்களே. ஜிம் பிராட்பென்ட் நடித்த அப்பா மட்டும், மனைவி விட்டுப்போன வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கையில் மனதைப் பிடிக்கிறார். படத்தைத் தூக்கி நிறுத்துவது நாயகியேதான். டெக்சாஸ்காரரான ரெனே ஜெல்வெகர் லண்டன் உச்சரிப்புக்குப் பயிற்சி எடுத்து, அங்கே ஒரு பதிப்பகத்தில் சில வாரம் வேலையும் பார்த்துத் தயாரானார். ஆஸ்கார் பரிந்துரை தகுதியாகவே வந்தது. நீல நிற சூப் காட்சியில் அவளை நேசிக்கும் மார்க் டார்சி வந்து ஆம்லெட் போட உதவும்போது அவள் முகத்தில் ஓடுகிற வெட்கமும் நிம்மதியும் எத்தனை தடவை பார்த்தாலும் குறையாது.

இன்னொரு லாபமும் உண்டு. முந்தைய இரண்டு படங்களிலும் திக்கித் திணறும் நல்லவனாக வந்த ஹ்யூ கிராண்ட் இதில் பிரிட்ஜெட்டின் முதலாளி, சுகமான அயோக்கியன். 'ஃபோர் வெட்டிங்ஸ்' பார்த்த மறுவாரம் இதைப் பார்த்தால் அதே கண் சிமிட்டலும் அதே தயக்கமும் பொய்க்கு எப்படிப் பயன்படுகின்றன என்பது புரியும்.

செலவு அதிகம். 62 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பெண் தன்னைக் குண்டு என்று நாள்தோறும் குறித்து வைக்கிறாள், படமும் அதைத் தலையசைத்து ஏற்கிறது. உடம்பைப் பற்றிய கவலையோடு இருக்கும் பதின்வயதுப் பெண்ணுக்கு இதைக் காட்டுவதானால் பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தயாராக இருங்கள். முதலாளி ஊழியையின் பாவாடையைப் பற்றி அனுப்பும் மின்னஞ்சல்களை 2001இல் சல்லாபம் என்றார்கள். இன்றைக்கு எந்த அலுவலகத்திலும் அதற்குப் பெயர் வேறு. டார்சியின் முதல் மனைவி ஜப்பானியர் என்பதை வைத்து பிரிட்ஜெட்டின் அம்மா சொல்வது அப்பட்டமான இனவெறி. அம்மாவின் அறியாமையைக் காட்டத்தான் எழுதினார்கள் என்றாலும் காதில் விழும்போது கூசுகிறது.

எப்போது இது: தனியாக, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்கிறபோது. அல்லது காதல் ஒன்று முறிந்த தோழிக்கு, அவளோடு சேர்ந்து.

## 'லவ் ஆக்சுவலி'

முழுசாக மறுபடி பார்க்காதீர்கள் என்பதே என் பரிந்துரை. பத்துக்கு நெருக்கமான கதைகள், ஒன்றின் மேல் ஒன்று. அவற்றில் ஒன்று மகத்தானது, இரண்டு மூன்று நன்று, மீதி இன்று பார்க்கக் கஷ்டம்.

மகத்தானது எம்மா தாம்ப்சனின் கதை. கணவனின் கோட்டுப் பையில் ஒரு தங்கச் சங்கிலியைக் காண்கிறாள். தனக்குத்தான் என்று நம்புகிறாள். கிறிஸ்துமஸுக்கு அவள் கையில் வரும் பெட்டியைப் பிரித்தால் ஜோனி மிச்சலின் இசைத்தட்டு. அது அவளுக்குப் பிடித்த பாடகி என்பது இன்னும் கொடுமை. படுக்கையறைக்குப் போகிறாள், அந்தப் பாட்டு ஓடுகிறது, அழுகை வருகிறது, கையால் துடைக்கிறாள். பிறகு கட்டில் விரிப்பை இழுத்துச் சரி செய்கிறாள். யாரும் பார்க்கப்போகாத ஒரு சுருக்கத்தை நீவிவிட்டு, முகத்தை மாற்றிக்கொண்டு, பள்ளி விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வெளியே வருகிறாள். அந்த விரிப்பை நீவும் கை இந்த நான்கு படங்களிலும் உள்ள மிகச் சிறந்த நடிப்பு. 2016இல் மறைந்த ஆலன் ரிக்மன் கணவனாக அதிகம் பேசாமலே குற்றத்தைச் சுமந்து நிற்பதையும் சேர்த்துப் பாருங்கள். லாரா லின்னியும் மனநலம் குன்றிய தம்பியும் வரும் பகுதி, பில் நைய் நடித்த கிழட்டுப் பாடகனும் அவனுடைய மேனேஜரும் வரும் பகுதி, இரண்டும் இன்றும் நிற்கின்றன. அந்தப் பாடகன் கிறிஸ்துமஸ் பாட்டாக மாற்றிப் பாடுவது, 'ஃபோர் வெட்டிங்ஸ்' மூலம் வெட் வெட் வெட் குழு பாடி 1994இல் 15 வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்த அதே பாட்டு. இரண்டையும் வரிசையில் பார்ப்பவருக்குச் சிரிப்பு இரட்டிப்பு.

மற்றது? பிரதமர், எழுத்தாளர், நிறுவன மேலாளர் என மூன்று ஆண்கள் தங்களிடம் வேலை செய்யும் பெண்கள்மேல் ஆசைப்படுகிறார்கள். மார்ட்டீன் மக்கச்சனின் பாத்திரத்தைப் படத்தில் பலர் குண்டு என்கிறார்கள். இந்த எடை நகைச்சுவைகள் இனி வேடிக்கையில்லை என்று கர்ட்டிஸே 2023இல் தன் மகளோடு மேடையில் பேசும்போது சொன்னார். நண்பனின் புது மனைவி வீட்டு வாசலில் அட்டைகளை ஏந்தி நிற்கும் காட்சியை அன்று கொண்டாடினோம். படப்பிடிப்பின்போது கீரா நைட்லிக்கு வயது 17 என்று தெரிந்த பிறகு அதைப் பார்ப்பது சுலபமில்லை. உள்ளே கணவன் உட்கார்ந்திருக்க வாசலில் அவளிடம் மட்டும் சொல்லிப்போகிற காதல் யாருக்கு நல்லது?

எப்போது இது: டிசம்பரில், வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருக்கும்போது, பின்னணியில் ஓடவிட்டு வேண்டிய இடத்தில் மட்டும் உட்கார. மார்ட்டின் ஃப்ரீமன் வரும் பகுதிகள் நிர்வாணக் காட்சிகள் என்பதால் சிறுவர்கள் இருந்தால் ரிமோட் கையில் இருக்கட்டும்.

## மூன்று தலைமுறையும் அறையில் இருந்தால்

மேலே சொன்ன நான்கையும் மறந்துவிடுங்கள். ஆங் லீ இயக்கிய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1995) போடுங்கள். காதல் நகைச்சுவை என்பதைவிட ஒரு படி கனமானது, ஆனால் சிரிப்பு நிறைய. பிரிட்டனில் எல்லா வயதினருக்குமான சான்றிதழ். திரைக்கதைக்காக எம்மா தாம்ப்சன் ஆஸ்கார் வாங்கினார். நடிப்புக்கும் எழுத்துக்கும் தனித்தனியே ஆஸ்கார் வென்ற ஒரே ஆள் அவர்தான். 136 நிமிடம் என்பது நீளம்தான், ஆனால் தாத்தா பாட்டிக்குக் கதை சொல்லி விளக்க வேண்டியதில்லை. ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) அதே ஜேன் ஆஸ்டின் நாவலிலிருந்து பிறந்தது. ஆலன் ரிக்மன் உள்ளே வந்ததும், இவர்தான் நம்ம மம்மூட்டி என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

## தீர்மானிக்க முடியாமல் தவிக்கும் தம்பதிகளுக்கு

ஒருவர் 'நாட்டிங் ஹில்' என்றும் மற்றவர் 'ஃபோர் வெட்டிங்ஸ்' என்றும் பிடிவாதம் பிடித்தால், இருவரில் யாருக்கு அந்த வாரம் கனமாகப் போயிற்றோ அவர் தேர்வு செய்யட்டும். சாவு வரும் படத்தை மனம் தாங்கும் நிலையில் இருக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். அண்மையில் வீட்டில் இழப்பு நேர்ந்திருந்தால் மேத்யூவின் உரையைக் கொஞ்ச காலத்துக்குத் தள்ளிப்போடுவதே நல்லது. 'நாட்டிங் ஹில்' அதுவரை கைகொடுக்கும்.

'ஃபோர் வெட்டிங்ஸ்' என்று முடிவானால் படுக்கைக்குப் போக அவசரப்படாதீர்கள். 2019இல் காமிக் ரிலீஃப் தொண்டு நிகழ்ச்சிக்காக மைக் நியூவெல் அதே நடிகர்களைக் கூட்டி ஒரு குறும்படம் எடுத்தார். 25 வருடம் கழித்து இன்னொரு கல்யாணம். மணமக்கள் இருவரும் பெண்கள்: சார்லஸ்–கேரியின் மகள், ஃபியோனாவின் மகள். படம் முடிந்த கையோடு அதையும் பாருங்கள். தனியாகப் பார்த்தால் அது வெறும் தொலைக்காட்சி விளையாட்டு. மேத்யூ கவிதை வாசித்த அதே இரவில் பார்த்தால், தேவாலயத்தில் அந்த இரண்டு பெண்கள் கைகோத்து நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.